மேடக்ஸுக்குக் குறைந்த ஒரு ஹிட்

இதையெல்லாம் நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று தெரியவில்லை. அன்று வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது என்று எழுதக் கை வருகிறது. ஆனால் போர்ட் கெல்சியில் பனி கொட்டாத ஜனவரி சனிக்கிழமை எது? ட்ரூடியின் சிற்றுண்டிக் கடையில் ஹீட்டர் மேல் போ ஹ்ருஷ்காவின் ஈரக் கையுறைகள் காய்ந்துகொண்டிருந்தன, அது நிச்சயம். பேசியதில் பாதியாவது நான் எழுதுகிறபடிதான் பேசப்பட்டது.

நாங்கள் மூவர். நான் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். போ, எங்கள் ஊரையொட்டிய கடல் போன்ற ஏரியில் ஓடும் சரக்குக் கப்பல்களில் இயந்திர அறையில் வேலை பார்த்தவன். கிளெம் ஃபெரான்டே ஷூ கடை வைத்திருந்தவன். ஆட்டம் இல்லாத குளிர்காலத்தில், சனிக்கிழமைக் காலைகளில், பேஸ்பால் பேசுவோம். அதாவது அவர்கள் இருவரும் பேசுவார்கள். எங்கள் ஊர் அணியான ஃபெர்ரிமென்னுக்குப் பதினாறு வருடம் ஒன்றாக ஆடியவர்கள் ருஃபினோ ஆர்சேயும் டெல் மேடக்ஸும். அந்த இருவரில் யார் பெரிய ஆட்டக்காரன்? கிளெம் ஆர்சே கட்சி. போ மேடக்ஸ் கட்சி. ஆட்டக்காரர்கள் இருவரும் ஓய்வு பெற்றுப் பதினோரு வருடம் ஆகியும் வழக்கு முடியவில்லை.

“உன் மேடக்ஸ் ஓடி நான் பாத்ததே இல்லடா,” என்பான் கிளெம். “பந்து பக்கத்துல விழுந்தாலும் லெட்டர் போட்டு வரவழைப்பான்.”

“அடிக்கத் தெரிஞ்சவன் ஏன்டா ஓடணும்? உங்காளு மாதிரி லேசா தட்டிட்டு உயிரக் கையில புடிச்சிக்கிட்டு ஓடணுமா?”

“அந்த ஓட்டத்துலதான் நமக்குக் கோப்பை வந்துச்சு.”

“கோப்பை வந்த வருசம் முப்பத்தெட்டு ஹோம் ரன் அடிச்சது யாரு, உங்க மாமனாரா?”

“கத்தாதீங்க பெருசுங்களா,” என்று ட்ரூடி அடுப்படியிலிருந்து குரல் கொடுப்பாள். “வாயில இருக்கிற முட்டைய முழுங்கிட்டு சண்ட போடுங்க.”

கடைசியில் கிளெம் எப்போதும் அந்த எண்ணுக்கு வந்துவிடுவான். இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது. பந்தை அடித்துவிட்டு அவுட்டாகாமல் முதல் பேஸுக்கு ஓடிச் சேர்ந்தால் அது ஒரு ஹிட். ஆயிரம் முறை மட்டை பிடித்தால் எத்தனை ஹிட் என்பதுதான் சராசரி. முந்நூறு என்பது எங்களுக்கு ஒரு கோடு. ஆர்சே அதைத் தாண்டி முந்நூற்று இரண்டில் நின்றான். மேடக்ஸ் 299. அவன் ஆடிய ஏழாயிரம் சொச்சம் முறைகளில் இன்னும் ஒரே ஒரு ஹிட் விழுந்திருந்தால், பின்னத்தை மேலே முழுமையாக்கி முந்நூறு என்றே போட்டிருப்பார்கள். கிளெம் இதைச் சொன்னதும் போ டோஸ்ட்டின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருப்பான். நான் என் காப்பியைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அந்த ஒரு ஹிட்டை எடுத்தது நான் என்பது என் பயம்.

வாத்தியார் வேலையோடு நான்கு கோடைகாலம் ஃபெர்ரிமென் மைதானத்தில் ஸ்கோரராக இருந்தேன். அடித்த பந்தை எதிரணிக்காரன் பிடிக்காமல் விட்டால், அது அடித்தவனின் ஹிட்டா, விட்டவனின் பிழையா என்று மேலே உட்கார்ந்து ஒருவர் தீர்ப்புச் சொல்ல வேண்டும். பிழை என்றால் அடித்தவன் கணக்கில் ஒன்றும் ஏறாது. ஒரு செப்டம்பர் பிற்பகல், தூறல், ஆறாவது இன்னிங்ஸ். மேடக்ஸ் அடித்த பந்து தரையோடு மூன்றாம் பேஸ் பக்கம் போனது. அங்கே நின்றவனின் கையுறையில் பட்டு நழுவியது. நழுவியது என்று சொல்கிறேனே தவிர, நான் பார்க்கவில்லை. குனிந்து, முந்தைய ஆட்டக்காரனின் கட்டத்தை ரப்பரால் அழித்துக்கொண்டிருந்தேன். கூட்டம் கத்தியதும் நிமிர்ந்தேன். பந்து புல்லில் கிடந்தது. மேடக்ஸ் முதல் பேஸில் நின்றான்.

பக்கத்தில் பத்திரிகைக்காரர்கள் நான்கு பேர் இருந்தார்கள். கேட்டிருக்கலாம். பார்க்கவில்லை என்று சொல்ல வெட்கம். “மூன்றாம் பேஸ், பிழை,” என்று மைக்கில் சொல்லிவிட்டேன். அந்த ஆட்டத்தை டிவியில் காட்டவில்லை. யாரும் ஆட்சேபிக்கவும் இல்லை. மேடக்ஸ் ஓய்வு பெற்ற நாளில், பேப்பரில் அந்த 299ஐப் பார்த்தபோதுதான் அந்தப் பந்து எனக்குத் திரும்ப வந்தது. பிறகு அது போகவில்லை.

அந்த ஜனவரியில், மைதான வாசலில் ஒரு சிலை வைக்கப்போவதாக அணி அறிவித்தது. ஒரே ஒரு சிலை. யாருக்கு வைக்கலாம் என்று ரசிகர்கள் எழுதிச் சொல்லலாம். கிளெம் உள்ளூர் பேப்பருக்கு ஒரு கடிதம் தயார் செய்து கொண்டுவந்திருந்தான். முந்நூறைத் தொடாத ஒருவனை வெண்கலத்தில் வார்ப்பது வெண்கலத்துக்கே அவமானம் என்று முடிந்திருந்தது.

“வாத்தி, இதுல கையெழுத்துப் போடு,” என்றான். “முன்னாள் ஸ்கோரர்னு கீழ எழுதியிருக்கேன். நீ எந்தக் கட்சியும் இல்லன்னு ஊருக்கே தெரியும்.”

நான் எந்தக் கட்சியும் இல்லாமல் இருந்ததன் காரணம் ஊருக்குத் தெரியாது. பேனாவை எடுத்தேன். எதிரே போ டோஸ்ட்டைப் பிய்த்துக்கொண்டிருந்தான். பேனாவை வைத்துவிட்டேன்.

சொன்னேன். எந்த ஆட்டம், எந்த இன்னிங்ஸ், ரப்பர், மைக், எல்லாம்.

போ என்னைப் பார்த்தான்.

“பாக்காமலா சொன்ன?”

“பாக்கல.”

“பதினோரு வருசமா இவன் என்ன அந்த ஒரு நம்பரால அடிக்கிறான். நீ பக்கத்துல உக்காந்து காப்பி குடிக்கிற.”

“ஆமா.”

அவன் எழுந்தான். கையுறைகளைக்கூட எடுக்காமல், கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனான். கதவு மணி ஆடி நின்றது.

அரை மணி நேரம் இருக்கும். கிளெம் ஒருமுறை, “சும்மா இருந்திருக்கலாமேடா,” என்றான். ட்ரூடி கேட்காமலே காப்பி ஊற்றிவிட்டுப் போனாள். முப்பது வருட நட்பு கதவைத் தாண்டிப் போய்விட்டது என்று நினைத்தேன். திரும்பி வந்தால் என்ன சொல்வது என்று யோசித்துப் பார்த்தேன்.

போ திரும்பி வந்தான். கோட்டுக்குள் ஒரு அட்டைப்பெட்டி. தலையெல்லாம் பனி.

மைதானத்துக்குப் போகும் நாளெல்லாம் தன் மடியில் ஒரு அட்டையை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பந்தையும் தானே குறித்துக்கொள்வான் அவன். எங்கள் ஊரில் நிறையப் பேர் அப்படித்தான். ஆனால் அத்தனையையும் தேதிவாரியாகக் கட்டி வைத்திருப்பான் என்று நான் எண்ணவில்லை. ஒரு கட்டைப் பிரித்து, நடுவிலிருந்து ஓர் அட்டையை உருவி என் முன்னால் வைத்தான். ஆறாவது இன்னிங்ஸ், மேடக்ஸ் வரிசை. அந்தக் கட்டத்தில் மூன்றாம் பேஸ்காரனின் பிழை என்று நீல மையில் குறித்திருந்தது. ஓரத்தில், ‘கழுதை, இதைக்கூடவா விடுவான்’ என்று எழுதியிருந்தது.

“மூணாம் பேஸுக்குப் பின்னால நாலாவது வரிசை எனக்கு,” என்றான். “பந்து நேரா அவன் கைக்குள்ள போச்சு. புடிக்கிறதுக்கு முன்னாடியே எறியறதுக்குப் பாத்தான், கீழ விட்டான். எங்க அம்மா இடுப்புல கூடையோட நின்னாகூடப் புடிச்சிருப்பா.”

நான் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“என் மனசுக்காகச் சொல்றியா...”

“உன் மனசுக்கா? போடா.” பெட்டியை என் பக்கம் தள்ளினான். “இதெல்லாம் புரட்டிப் பாரு. நாய் கவ்விட்டுப் போற பந்துக்கெல்லாம் அவனுக்கு ஹிட் போட்டிருக்கேன். நீங்க ஸ்கோரருங்க எத்தனையோ தடவ பிழைன்னு சொன்னத நான் ஒத்துக்கல. என் கணக்குல அவன் முந்நூத்தி ஆறு. அப்படிப்பட்ட நானே அந்த ஒரு பந்துக்குக் குடுக்க முடியலடா.”

கிளெம்தான் முதலில் சிரித்தான். “முந்நூத்தி ஆறாம்! வீட்டுல பெட்டிக்குள்ள!”

நான் சிரிக்கவில்லை. தோளிலிருந்து எதையோ இறக்கி வைத்ததுபோல இருந்தது, அதன் எடை இறக்கிய பிறகுதான் தெரிந்தது. பார்க்காமல் சொன்னவன் நான் என்பது மாறவில்லை. போவும் அதை விட்டுவிடவில்லை. “பாக்காம சொன்னதுக்கு இந்த மாசம் பூரா நீதான்டா காசு குடுக்கணும், ஆப்பிள் பை உட்பட,” என்றான். ஆனால் மேடக்ஸிடமிருந்து நான் எதையும் எடுக்கவில்லை. மூச்சு முழுதாக உள்ளே போய் வந்தது.

“அப்போ என் லெட்டர்ல தப்பே இல்ல,” என்று கிளெம் தாளை மறுபடி நகர்த்தினான். “போடு கையெழுத்த.”

“போட மாட்டேன்.”

“ஏன்? அதான் பிழைன்னு ஆயிடுச்சே!”

“மேடக்ஸ்தான் பெரியவன்,” என்றேன்.

கிளெம் தாளிலிருந்து கையை எடுத்தான்.

“என்னது?”

“மேடக்ஸ். பதினாறு வருசமும் அவனுக்கு முன்னாடி மட்டை புடிச்சவன் ஆர்சே. பின்னால மேடக்ஸ் வர்றான்னு பயந்து, ஆர்சேவ சும்மா பேஸுக்கு அனுப்பிடக்கூடாதுன்னுதான் அவனுக்கு நல்ல பந்தா போட்டாங்க. உன் முந்நூத்தி ரெண்டுல பாதி மேடக்ஸோடது.”

“ட்ரூடி!” என்று கிளெம் கத்தினான். “இந்த ஆளுக்கு என்னத்தக் கலந்து குடுத்த?”

போ மேசையை இரண்டு கையாலும் தட்டினான். அன்று கடை மூடும் வரை கத்திக்கொண்டிருந்தோம். மூவருமே.

சிலை ஆர்சேக்குத்தான் வைத்தார்கள். திறப்பு விழாவுக்கு மேடக்ஸ் வந்து கை தட்டினான், பிறகு டென்னசியில் உள்ள தன் பண்ணைக்குத் திரும்பிவிட்டான். கிளெம் மகளோடு அரிசோனா போனான், இப்போது காது கேட்காது. ட்ரூடி கடையை விற்றுவிட்டாள். போ நான்கு வருடம் கழித்து, மார்ச் மாதத்தில், தூக்கத்தில் இறந்தான். அட்டைகளை அவன் மகன் ஊர் நூலகத்துக்குக் கொடுத்தான். எனக்கு எண்பத்தொரு வயது, நன்றாகத் தூங்குகிறேன்.