காலணாக் காப்பி

பேளுக்குறிச்சிச் சந்தைக்குச் செங்கோடன் மிளகு விற்க வருகிறான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். உண்மையில் அவன் வந்தது ருக்குமணி கடையின் வெல்லக் காப்பிக்கு. அதுகூடச் சரியில்லை; காப்பியை ஆற்றிக்கொண்டே, "ஏனுங்ண்ணா, மேல மழைங்களா?" என்று கேட்பாளே, அதற்கு. மலைமேல் ஆலத்தூர் நாட்டில் அவன் ஒண்டிக்கட்டை. பெண்டாட்டி போய் ஒன்பது வருஷம். வாரத்தில் ஆறு நாளும் அவன் பேசியது மாட்டோடுதான். மாடு பாவம், மழையைப் பற்றிக் கேட்பதில்லை.

எங்கோ சீமையில் வெள்ளைக்காரன் சண்டை போட்டான். இங்கே வெல்லம் ஆனை விலை குதிரை விலை ஆயிற்று. காலணாக் காப்பி ஒரே வாரத்தில் அரையணா. "நான் என்னங்ண்ணா பண்றது, மண்டியில வெலை அப்புடி" என்று ருக்குமணி தலையைக் குனிந்துகொண்டாள்.

அரையணாவுக்கு உப்பு வாங்கினால் இரண்டு வாரம் ஓடும். அடுத்த சந்தையில் செங்கோடன் அந்தப் பக்கமே போகவில்லை. ஒன்றும் வாங்காமல் கடையில் போய் உட்காருவது பிச்சைக்கு உட்காருவது மாதிரி என்பது அவன் எண்ணம். மானம் பெரிதாயிற்றே! கருவாட்டுக் கடைக்குப் பின்னால் ஒளிந்து ஒளிந்து நடந்து, மூன்று சந்தை அப்படியே மலையேறினான். அந்த மூன்று வாரமும் அவனுக்கு ஒரு மனிதப் பேச்சு இல்லை.

நாலாம் வாரம்தான் மண்டையில் உறைத்தது. பரண்மேல் மூங்கில் குழாய் நிறையத் தேன் கிடக்கிறது! தேன் எடுக்கிறவன் வெல்லத்துக்கு ஏங்குவானா? அதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அவளுக்கு வெல்லச் செலவு மிச்சம். தனக்குப் பழையபடி ஒரு டம்ளர், நாலு வார்த்தை. விடிந்ததும் சந்தைக்கு இறங்கினான். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டான்.

கடை இருந்த இடத்தில் மூன்று அடுப்புக் கற்கள் மட்டும் கிடந்தன. சாம்பலைக் கோழி கிளறிக்கொண்டிருந்தது.

"ருக்குமணியா? போன சந்தையோட சேலத்துக்கு, தங்கச்சி ஊட்டுக்குப் போயிருச்சுங்க" என்றாள் பக்கத்தில் பொரி விற்கும் பொன்னாத்தாள். "அரையணாக் காப்பிய ஆரு குடிப்பா? ஒவ்வொருத்தரா வர்றத நிறுத்திட்டாங்க. உங்களுக்கு மட்டும் மூணு சந்தையும் ஒரு டம்ளர் மூடி வெச்சிருந்துச்சு. 'மலைக்கார அண்ணனுக்குப் பழைய வெலைதான், சொல்லோணும்'னு வழியையே பாத்துக்கிட்டு இருந்துச்சுங்க."

செங்கோடன் கருவாட்டுக் கடையை ஒருமுறை திரும்பிப் பார்த்தான். பிறகு தேன் குழாயை மடியில் வைத்துக்கொண்டு, அந்தக் கற்களுக்குப் பக்கத்தில், ஒன்றும் வாங்காமலே உட்கார்ந்தான். எழுந்திரு என்று யாரும் சொல்லவில்லை.