என்னவென்று கூப்பிடுவது

கோழியைத் துடைக்காமல் ஓவனில் வைத்தால் அது வறுபடாது, தன் தண்ணீரிலேயே வெந்து தொலையும் என்று அண்ணி சொல்லிக் கொடுத்திருந்தாள். அதனால் சின்னவள் ஒவ்வொரு துண்டாக எடுத்து, குளிப்பாட்டிய குழந்தையைத் துவட்டுவதுபோல, பழைய பருத்தித் துணியால் மடிப்பு மடிப்பாக ஒற்றிக்கொண்டிருந்தாள். மணி நாலரை. ஆறு மணிக்கு மாவு வண்டிக்காரர் வருகிறார். அண்ணியைப் பெண் கேட்டு வருகிறார்.

அண்ணன் பெயின்டர். கல்யாணமாகிப் பதினோராவது மாதம், ஐந்தாவது மாடியில் கட்டியிருந்த சாரம் சரிந்ததில் போய்ச் சேர்ந்தான். நாலு வருஷம் ஆகிறது. அண்ணி பிறந்த வீட்டுக்குப் போகவில்லை. விடியற்காலையில் எழுந்து பேக்கரிக்குப் போனாள், சாயங்காலம் கைமுட்டி வரை மாவோடு திரும்பி வந்தாள், மாமியாருக்குக் கால் வலித்தால் தைலம் தேய்த்தாள், நாத்தனாருக்குத் தலை பின்னிவிட்டாள். வீட்டில் ஓவன் இருந்ததே அவளால்தான். புதுப் பெண்டாட்டிக்கு ஆசையாக அண்ணன் எங்கிருந்தோ பழையதாகத் தூக்கி வந்து, மூன்று மாடி ஏற்றி, இடுப்பு பிடித்துக்கொண்டு இரண்டு நாள் படுத்துக் கிடந்தான்.

ஒன்பது நாளைக்கு முன்னால், துணி மடித்துக்கொண்டிருந்த அண்ணி தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்: "அத்தை, பேக்கரிக்கு மாவு கொண்டு வர்றவர் என்னைக் கட்டிக்கிறேன்னு கேக்குறார். நீங்களும் சின்னவளும் மனசாரச் சரின்னாத்தான். ரெண்டு பேர்ல ஒருத்தர் வேணாம்னாலும் இந்தப் பேச்சை இத்தோட விட்டுடுவேன்."

அம்மா கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "இதுக்கெல்லாம் யோசிக்கணுமா? முப்பது வயசாகப் போகுது உனக்கு. எங்க மூஞ்சியவே பாத்துட்டு நீயும் கெழவியாகப் போறியா? எனக்குச் சரி."

சின்னவள் ஒன்றும் சொல்லாமல் எழுந்து மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டாள். அன்றைக்கு மூடிய வாய்தான். அண்ணியும் கேட்கவில்லை. சொன்னால் சொன்னபடி நடப்பவள் அவள். 'வேணாம்' என்று ஒரு சொல் போதும், அண்ணி எங்கும் போகமாட்டாள். அந்தச் சொல்லை ஒன்பது நாளாகச் சின்னவள் வாய்க்குள் மிட்டாய்போல அடக்கிவைத்திருந்தாள்.

இன்று காலை வேலைக்குக் கிளம்பும் முன் அண்ணி கோழித் துண்டுகளுக்கு உப்புத் தடவி, மூடாமல் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, "நீயே செஞ்சுடுடி. எனக்குக் கை ஓடாது," என்று மட்டும் சொன்னாள்.

உருளைக்கிழங்கும் கேரட்டும் ஒரே அளவாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒன்று கல்லாகவும் ஒன்று கூழாகவும் நிற்கும். சின்னவள் கட்டைவிரலை அளவு வைத்து நறுக்கினாள். வெங்காயத்தை நாலாக வகிர்ந்தாள். அம்மா முக்காலியில் உட்கார்ந்து பூண்டை உதிர்த்துக்கொண்டிருந்தாள்.

"பூண்டத் தோலோட போடுறதும் ஒரு சமையலா? உங்க அண்ணி சோம்பேறித்தனத்துக்கு ஒரு பேர் வச்சிருக்கா, பேக்கரி முறைன்னு."

"தோலோட போட்டாத்தாம்மா உள்ள வெண்ணெ மாதிரி ஆகும்."

"ஆகட்டும், ஆகட்டும். மூட்டை தூக்குறவருக்கு ஒரு கோழி பத்துமா? தட்டையும் சேத்துத் தின்னுட்டாருன்னா?"

சின்னவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மாவால் எப்படி இதைக் கேலியாகப் பேச முடிகிறது என்று மனசு குமைந்தது. அண்ணனைப் பெற்றவள்தானே இவள்.

கீழ்வீட்டுத் தையல்காரி இரண்டு எலுமிச்சம்பழத்தோடு மூச்சு வாங்க ஏறி வந்தாள். சின்னவள் பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து அவளிடம்தான் பட்டன் தைக்கிறாள். பழத்தைக் கொடுத்துவிட்டுப் போகிறவளா அவள்?

"ஏன்டி, நான் ஒண்ணு கேக்குறேன். நாளைக்கு அவளை என்னன்னு கூப்பிடுவ?"

"அண்ணின்னுதான்."

"அப்போ அவ புருஷன் உனக்கு என்ன ஆகணும்?"

சின்னவளின் கத்தி நின்றது.

"அண்ணியோட வீட்டுக்காரர் அண்ணன்தானே? கடைக்காரரைக்கூட அண்ணான்னு சொல்ல வாய் வராம 'இந்தாங்க, இந்தாங்க'ன்னு அரைமணி நேரம் நிக்கிறவ நீ. அவரையும் 'இந்தாங்க'ன்னுதான் கூப்பிடப் போறியா?"

"உன் மிஷினுக்கு எண்ணெ போடுற நேரமாச்சு, போ," என்றாள் அம்மா. தையல்காரி சிரித்துக்கொண்டே இறங்கிப் போனாள். அவள் சொன்னது மட்டும் இறங்கிப் போகவில்லை.

உண்மைதான். அண்ணன் போன நாளிலிருந்து அந்தச் சொல்லைச் சின்னவள் யாருக்கும் கொடுத்ததில்லை. ஊரில் எல்லாரும் எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், பஸ் கண்டக்டரை, பால்காரரை, வழி கேட்க நிறுத்தும் முகம் தெரியாத ஆளை. இவளுக்கு மட்டும் அது தொண்டையிலேயே நின்றுவிடும். கூப்பிட்டதும் யாராவது திரும்பிப் பார்த்துவிட்டால்? திரும்புகிற முகம் அவனுடையதாக இருக்காதே.

கறுத்துப்போன பெரிய தட்டில் காய்களைக் கொட்டி, எண்ணெயும் மிளகும் பிசறி, மேலே கோழியைத் தோல் மேல்பக்கம் பார்க்க அடுக்கினாள். கோழியின் நெய் உருகி வழிந்து காய்களில் இறங்க வேண்டும். ஒரே தட்டு, ஒரே சூடு, தனியாகக் குழம்பு வேண்டாம், தாளிப்பு வேண்டாம். எலுமிச்சையைப் பிழிந்து, பிழிந்த தோலையும் இடுக்கில் செருகி, ஓவனில் தள்ளி மூடினாள்.

மூடும்போதுதான் அந்த யோசனை வந்தது. அக்கா என்று கூப்பிட்டால்? அக்காவின் வீட்டுக்காரர் மாமா. மாமா என்று யாரை வேண்டுமானாலும் கூப்பிடலாம், அதில் யாருடைய இடமும் பறிபோகாது. அண்ணன் அண்ணனாகவே இருப்பான். அண்ணியும் கூடப் பிறந்தவள் மாதிரி ஆகிவிடுவாள், கூடப் பிறந்தவளை யாரால் பிரிக்க முடியும்? ஒன்பது நாளாக நெஞ்சில் இருந்த கல் கொஞ்சம் நகர்ந்ததுபோல் இருந்தது.

ஐந்தேகாலுக்கு அண்ணி வந்தாள். புருவத்தில்கூட மாவு. செருப்பைக் கழற்றியதும் நேரே அடுப்படிக்கு வந்து, ஓவனைத் திறக்காமல் காதை மட்டும் சாய்த்தாள்.

"சலசலன்னு கேக்குது. தண்ணி இன்னும் வத்தல. கொஞ்ச நேரத்துல தட்டைத் திருப்பி வச்சிடணும், பின்பக்கம் சூடு அதிகம்."

"நான் பாத்துக்கறேன். நீங்க குளிச்சுட்டு வாங்க அக்கா."

அண்ணி துவாலையை எடுக்கப் போனவள், நின்றாள்.

"என்ன சொன்ன?"

"அக்கான்னு... இனிமே அப்படிக் கூப்பிடலாம்னு."

அண்ணி சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே அடுப்படித் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அவர் சட்டையெல்லாம் குடுத்தாச்சு. பிரஷ்ஷு, ஏணி எல்லாம் போயாச்சு. அவர் குரல்கூட எனக்கு மறந்துட்டே வருதுடி. நான் அவருக்குப் பொண்டாட்டியா இருந்தேன்னு சொல்றதுக்கு என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் மிச்சம். காலையில எந்திரிச்சு நீ 'அண்ணி, டீ'ன்னு கத்துற பாரு, அது. அதையும் எடுத்துக்கறியா?"

"இல்ல அண்ணி, நான் அப்படி நெனச்சு..."

"வேணாம்னா வேணாம்னு சொல்லு. கோவிச்சுக்க மாட்டேன். வந்தவருக்குச் சோத்தப் போட்டு அனுப்பிடலாம். அக்கான்னு மட்டும் சொல்லாத."

சின்னவள் அவள் மடியில் முகத்தைப் புதைத்தாள். ஈஸ்ட் வாசனை, வியர்வை, வெண்ணெய். நாலு வருஷமாக இந்த வீட்டின் சாயங்கால வாசனை அது. இப்போது சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தால் போதும். ஆனால் இந்த மடியில் கிடந்துகொண்டு 'வேணாம்' என்று சொல்வது, கட்டிப்பிடித்தபடி கழுத்தை நெரிப்பதுபோல் தோன்றியது.

தட்டைத் திருப்ப மறந்தே போனது. கருகல் வாசனை வந்தபோதுதான் இருவரும் எழுந்தார்கள். ஒரு மூலையில் வெங்காயமெல்லாம் கரிக்கட்டை.

ஆறு அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போதே அவர் வந்துவிட்டார். தோள் அகலத்துக்குக் கதவு சிறிதாக இருந்தது. நன்றாகத் தேய்த்துக் குளித்திருந்தும் நகக்கண்ணில் மாவு வெள்ளை. ஆப்பிள் பையை யாரிடம் கொடுப்பதென்று தெரியாமல் சாப்பிட உட்காரும்வரை கையிலேயே வைத்திருந்தார்.

"அத இறக்கி வைங்க தம்பி. இங்க லோடு இறக்கக் கூலி கேக்க மாட்டோம்," என்றாள் அம்மா. அவர் காதுவரை சிவந்து பையைத் தரையில் வைத்தார்.

தட்டை அப்படியே மேசை நடுவில் வைத்தார்கள். கோழியின் தோல் பொன்னிறமாக வெடித்திருந்தது. கிழங்கு ஓரமெல்லாம் மொறுமொறுப்பு. அவர் கருகிய மூலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கையை நீட்டி நல்ல பக்கத்தில் எடுக்காமல், தன் முன்னால் இருந்த கரியையே எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"அது தீஞ்சது. இந்தப் பக்கம் எடுங்க," என்றாள் அண்ணி.

"எனக்குத் தீஞ்சதுதான் பிடிக்கும்."

"பொய் சொன்னாலும் கொஞ்சம் நம்புற மாதிரி சொல்லணும் தம்பி," என்றாள் அம்மா. எல்லாரும் சிரித்தார்கள். அண்ணி சிரித்ததைச் சின்னவள் பார்த்தாள். சிரித்த உடனே குற்றம் செய்தவள்போல வாயைப் பொத்திக்கொண்டதையும் பார்த்தாள். இந்த வீட்டில் அவள் எத்தனை சிரிப்பை இப்படிப் பொத்தியிருப்பாள்?

அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுச் சின்னவளைப் பார்த்தார். "நீங்க இன்னும் ஒண்ணும் சொல்லலன்னு சொன்னாங்க. எனக்குப் பேசத் தெரியாது. அவசரம் ஒண்ணும் இல்ல. இல்லைன்னு சொன்னாலும் வருத்தமில்ல. நான் பாட்டுக்கு மாவு இறக்கிட்டுப் போய்டுவேன்."

அண்ணி தலையைக் குனிந்துகொண்டாள். அம்மா கிழங்கைச் சின்னச் சின்னதாக நசுக்கிக்கொண்டிருந்தாள். அக்கா என்று கூப்பிட்டால் அண்ணனிடமிருந்து இவளைப் பறித்ததாகும். ஒன்றும் சொல்லாமலே இருந்தால் அவர் மாவு இறக்கிவிட்டுப் போவார், இவள் வாயைப் பொத்திக்கொண்டே கிழவியாவாள். அண்ணி அண்ணியாகவே போக வேண்டுமென்றால் அதற்கு ஒரே வழிதான் இருந்தது.

சின்னவள் கரண்டியை எடுத்தாள். நல்ல பக்கத்திலிருந்து ஒரு துண்டு கோழியை அள்ளினாள்.

"தீஞ்சது போதும். இத வச்சுக்கோங்க... அண்ணா."

அவர் சாதாரணமாகத் தன் தட்டை நீட்டினார். பாவம், தினம் இருபது பேர் கூப்பிடுகிற சொல்தான் அவருக்கு. "போதும்மா, போதும்," என்று திரும்பிப் பார்த்தார். அகலமான, நல்ல முகம். அண்ணனின் சாயல் துளியும் இல்லாத முகம். அண்ணி மேசைக்கடியில் கையை நீட்டிச் சின்னவளின் முழங்காலை இறுகப் பிடித்துக்கொண்டாள். வலித்தது. விடச் சொல்லவில்லை.

சாப்பாடு முடிந்து, அவரை வண்டிவரை வழியனுப்ப அண்ணி கீழே இறங்கினாள். அம்மாவும் மகளும் அடுப்படியில் நின்றார்கள். அம்மா தட்டை ஊறவைக்காமலே இரும்பு நாரால் தேய்க்க ஆரம்பித்தாள். தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஊறட்டும்மா. காலையில வந்துடும்."

அம்மாவின் கை நின்றது. ஆனால் அவள் திரும்பவில்லை.

"நீ வேணாம்னு சொல்லிடுவன்னு நெனச்சேன்."

"என்னம்மா?"

"நீ எப்படியும் விடமாட்டன்னு தெரியும். அவ பின்னாலயே திரியற பொண்ணு. அந்தத் தைரியத்துலதான் நான் பெரிய மனுஷி மாதிரி சரின்னு சொன்னேன்." குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவில் சொன்னாள்: "அவளும் போய்ட்டா இந்த வீட்ல அவன் எங்கடி இருக்கான்?"

சின்னவள் அம்மாவின் முதுகைப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டாள். இவ்வளவு நாள் கேலி பேசிய அந்த உடம்பு காய்ச்சல் கண்டதுபோல் நடுங்கிக்கொண்டிருந்தது.

கீழே வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. பிறகு மாடிப்படியில் காலடி. அண்ணி வழக்கத்தைவிட வேகமாக, ஏறக்குறைய ஓடி வந்தாள்.

"மூஞ்சியத் தொடச்சுக்கடி," என்றாள் அம்மா அடிக்குரலில். தானும் குழாய்த் தண்ணீரை அள்ளி முகத்தில் அறைந்துகொண்டாள். பிறகு வாசல் பக்கம் திரும்பி, பழைய குரலை எங்கிருந்தோ எடுத்து வரவழைத்தாள்.

"கதவு தொறந்துதான் கெடக்கு மருமகளே. மெதுவா வா, படி ஓடிப் போயிடாது."