இலத்தூர் ஷெட்டின் நாற்பத்தொரு பேர்

தென்காசிக்கு வந்த முதல் கம்ப்யூட்டரை ஓட்டுபவள் தன் மகள்தான் என்று குழல்வாய்மொழியின் அம்மா தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். அது முதலாவதோ மூன்றாவதோ, நூற்பாலையில் வேலை பார்த்த குழல்வாய்மொழி அதை மறுக்கப் போனதில்லை.

1988, குற்றாலத்தில் சாரல் காலம். வேலை நிரந்தரமாகப் போகும் தொழிலாளர் பட்டியலைத் தயாரிக்க, கம்ப்யூட்டருக்கான கட்டளை வரிசையாக அவள் ஒரு ஸ்கிரிப்ட் எழுதியிருந்தாள். அது ஆலையின் ஆறு பிரிவுக்கும் ஆறு சின்ன புரோகிராம்களை ஒரே நேரத்தில் கிளப்பிவிட்டு, அவை தரும் பெயர்களைச் சேர்த்து அச்சடிக்கும். ஐந்து பிரிவுகளின் விவரம் கம்ப்யூட்டரிலேயே இருந்தது. ஆறாவதான இலத்தூர் ஷெட் தனி ஊரில் இருந்ததால், அதன் விவரம் மட்டும் பிளாப்பி என்ற மெல்லிய காந்தத் தகட்டில் வரும்.

சனிக்கிழமை மத்தியானம் வேலையை ஓடவிட்டு ஆபீஸே ஐந்தருவிக்குக் குளிக்கப் போய்விடும். அன்றும் போனார்கள். திங்கட்கிழமை ஒட்டிய பட்டியலில் இலத்தூர் ஷெட்டுப் பெண்கள் நாற்பத்தொரு பேரில் ஒருத்தி பெயர்கூட இல்லை.

"பிளாப்பிய ஏத்த மறந்துட்டு அருவிக்கு ஓடியிருக்கே," என்றார் மேனேஜர் செல்லச்சாமி. "நாளைக்கு முதலாளி கையெழுத்துப் போட வருதாரு. ஒனக்குப் பதிலா வேற ஆளப் பாக்கச் சொல்லுதாரு."

"எல்லாம் சரியாத்தான் செஞ்சேன் அண்ணாச்சி."

அதைக்கூடத் தாங்கிக்கொண்டாள். ஒன்பது வருஷமாகத் தற்காலிகமாகவே இருக்கும் சங்கரம்மாள் இலத்தூரிலிருந்து வந்து, "எங்க பேரெல்லாம் எங்கன போச்சு தாயி?" என்று கேட்டபோதுதான் முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

மறுபடி ஓட்டினாள். ஆறு புரோகிராம்களின் புகார்களும் ஒன்றாகக் கலந்து திரையில் ஓடின. எது எதனுடையது என்று பார்ப்பதற்குள் மேலே போய் மறைந்தன. அருவிக்குள் கையை விட்டு ஒரு சொட்டைப் பிடிக்கிற கதைதான்.

புரோகிராமுக்கு வாய் இரண்டு. ஒன்றில் விடை சொல்லும், இன்னொன்றில் குறை சொல்லும். விடைக்கு மட்டும் பாத்திரம் வைத்துவிட்டுக் குறையைத் தரையில் சிந்தவிட்டது தன் புத்திதான் என்று அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. ஸ்கிரிப்டில் ஒவ்வொரு புரோகிராமுக்கும் பக்கத்தில் 2> என்று போட்டு, குறைகள் போய் விழத் தனித்தனிக் கோப்பு வைத்தாள். ஓட்டினாள்.

ஐந்து கோப்புகளில், பிறந்த தேதி இல்லை என்ற வழக்கமான முணுமுணுப்பு. ஆறாவதில் ஒரே வரி: பிளாப்பியைப் படிக்க முடியவில்லை.

சனிக்கிழமை முதல் உள்ளேயே கிடந்த பிளாப்பியை உருவினாள். தகடு தெரியும் இடத்தில் பளபளவென்று ஒரு கட்டைவிரல் அடையாளம், நல்லெண்ணெய் வாசனையோடு. ஆபீஸிலேயே எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குக் கிளம்புகிற ஆள் ஒருவர்தான். "நீ கெளம்பு, நானே போடுதேன்" என்று அன்றைக்கு அதை வாங்கிச் செருகியதும் அவர்தான் என்பது இப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது.

பிளாப்பியையும் அந்த ஒரு வரியை அச்சடித்த தாளையும் செல்லச்சாமியின் மேஜையில் வைத்தாள். அவர் பார்த்தார், முகர்ந்தார், வேர்த்தார். பிறகு அவரே பஸ் ஏறி இலத்தூர் போய் இன்னொரு நகலைத் துண்டில் சுற்றி வாங்கி வந்தார்.

மறுநாள் முதலாளி கையெழுத்துப் போட்ட புதுப் பட்டியலில் தன் பெயரின்மேல் விரலை வைத்தபடி சங்கரம்மாள் கேட்டாள்: "போன பேரையெல்லாம் இந்த மிஷினா கண்டுபுடிச்சுச்சு?"

செல்லச்சாமி வாய் திறப்பதற்குள், ஆபீஸ் முழுக்கக் கேட்கும்படி குழல்வாய்மொழி சொன்னாள்: "மிஷின் இல்லக்கா. நான்."