இரண்டாவது பேட்டரி

அர்ச்சுனனின் படகில் இரண்டு பேட்டரிகள். என்ஜினை முடுக்க, விளக்கு எரிய, பிடித்த மீன் சாகாமல் தொட்டியில் பம்பு ஓட, எல்லாவற்றுக்கும் முதலாவதுதான். இரண்டாவது ஆபத்துக்கு. அதை யாரும் தொடக் கூடாது. மனைவியின் தம்பி தீபனுக்கு இது மனப்பாடம். தொட்டவனும் அவனேதான்.

படகுத்துறையில் திருட்டு அதிகம் என்று அர்ச்சுனன் பேட்டரிகளைத் தம்போய் ஊரில் இருக்கும் தன் வீட்டுக்குக் கொண்டுபோய் வைப்பான். போன வாரம் தைப்பூசத்துக்கு தீபன் எடுத்த காவடியில் முந்நூறு குட்டி விளக்குகள். அவற்றுக்கு மின்சாரம் தந்தது, பின்னால் தள்ளுவண்டியில் வந்த இந்த இரண்டாவது பேட்டரி. பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். பெருமை தலைக்கேறியவன், செத்துப்போன பேட்டரியை அழகாகத் துடைத்து இருந்த இடத்தில் வைத்தான். பிறகு சார்ஜில் போடலாம் என்று நினைத்தான். அந்தப் பிறகு வரவேயில்லை.

இப்போது காலை பத்து மணி. கெலாங் பாத்தா படகுத்துறையிலிருந்து வெகுதூரம் வந்து, என்ஜினை அணைத்துத் தூண்டில் போட்டு மூன்று மணி நேரம் ஆகிறது. பம்பு மட்டும் முதல் பேட்டரியில் ஓடிக்கொண்டே இருந்தது.

“மாமா, பம்ப அணைக்கலாமே.”

“மீனு செத்துரும். அதான் ரெண்டாவது இருக்குல்ல. ஏன் பயப்படுற?”

சொல்லிவிடு என்று உள்ளே ஒன்று பிறாண்டியது. தீபன் தூண்டிலைச் சுற்றி எடுத்து மறுபடி வீசினான். மேற்கே வானம் கறுத்து, மழை கடல்மேல் நடந்து வந்து படகை மூடியது. நீரோட்டம் அவர்களைக் கப்பல் பாதைப் பக்கம் இழுத்தது. நங்கூரக் கயிறு அந்த ஆழத்துக்கு எட்டாது.

எங்கோ ஒரு கப்பல் நீளமாக ஊதியது.

அர்ச்சுனன் சாவியைத் திருப்பினான். என்ஜின் முனகி நின்றது. பேட்டரி சுவிட்சை இரண்டுக்கு மாற்றிச் சாவியைத் திருப்பினான். முனகல்கூட வரவில்லை.

“நான்தான் மாமா. காவடி விளக்குக்கு எடுத்தேன். சார்ஜ் போடல.”

திட்டுவான் என்று நினைத்தான். அர்ச்சுனன் அவனை வெறித்துப் பார்த்தான், அவ்வளவுதான். அந்தப் பார்வைக்கு அடியே வாங்கியிருக்கலாம்.

“என்ன வேண்டிக்கிட்டு காவடி எடுத்த?”

“அக்காவுக்குப் பிரசவம் நல்லபடியா ஆகணும்னு.”

அக்கா கஸ்தூரிக்கு இது எட்டாவது மாதம். ஆறு வருடம் காத்திருந்து வந்த பிள்ளை.

அர்ச்சுனன் சுவிட்சை மறுபடி ஒன்றுக்குத் தள்ளி, பம்பை அணைத்தான். மழை இருட்டுக்காகப் போட்டிருந்த விளக்கின் சுவிட்சில் கை வைத்தான். “லைட் எரிஞ்சா எஞ்சின் எழும்பாது. அணைச்சா கப்பல்காரனுக்கு நாம தெரிய மாட்டோம். கொஞ்சம் ஆறவிட்டா ஒரு தடவ எழும்பும். பார்ப்போம் லா.”

அணைத்தான். தொட்டியில் மீன்கள் மட்டும் துள்ளின. தீபன் நூறு வரை எண்ணினான். நடுவில் இரண்டு முறை முருகனைக் கூப்பிட்டதில் எண்ணிக்கை தவறியது. கப்பல் மறுபடி ஊதியது. இந்த முறை படகின் பலகையே அதிர்ந்தது.

அர்ச்சுனன் சாவியைத் திருப்பினான். என்ஜின் ஒரு சுற்றுச் சுற்றியது, இரண்டாவது சுற்றில் பாதியில் நின்றுவிட்டது. விளக்கைப் போட்டுப் பார்த்தான். அதுவும் எரியவில்லை.

அவன் துடுப்பைத் தேடி எடுத்தான். குரல் அமைதியாகவே இருந்தது. “போன எடு. உங்கக்காகிட்ட நீயே பேசு.”

நனைந்த விரலால் தீபன் எண்ணை அழுத்தினான். மணி போனது. மழைக்குள்ளிருந்து கறுப்பாக, வானம் வரைக்கும், ஒரு இரும்புச் சுவர் வெளியே வந்தது.

“சொல்லுடா தம்பி,” என்றாள் கஸ்தூரி. “மீனு மாட்டுச்சா?”