பிற்பகல் இரண்டு மணி பத்து நிமிடம்

பதுளை அரசாங்கக் கச்சேரிக்கு எதிரில், மொஹிதீன் முதலாளியின் துணிக்கடை விறாந்தையில் ஒரு மேசை போட்டுக்கொண்டு மற்றவர்களுக்காக எழுதுவது என் தொழில். வருகிறவர்கள் என்னை நானா, அதாவது அண்ணன், என்று கூப்பிடுவார்கள். இங்கிலீஷ் ஏழாம் வகுப்போடு நின்றவன் நான். எங்கள் மாஸ்டர் ஒன்றை மட்டும் பிரம்பால் அடித்தே சொல்லித் தந்தார்: திகதியும் நேரமும் இல்லாத கடிதம் கடிதமல்ல. இத்தனை வருடத்தில் அந்தப் பாடத்தை நான் மறந்ததில்லை. அழகருக்கு வந்த கஷ்டத்தில் பாதி அதனால் வந்தது.

1922 பெப்ரவரியில் அவர் மனைவி இராக்கம்மாவோடு நமுனுகுலப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து நடந்தே வந்தார். வலக்கையில் ஆட்காட்டி விரலும் நடுவிரலும் இல்லை.

"கும்பிடுறேங்க நானா. கம்பெனிக்கு ஒரு காயிதம் எழுதணுங்க."

"எந்தக் கம்பெனிக்கு?"

"வெரலுக்குக் காசு குடுக்கிற கம்பெனிங்க," என்று முந்திக்கொண்டாள் இராக்கம்மா. "ரோலருக்கும் போட்டிருக்காம், ரோலர்கிட்ட நிக்கிறவனுக்கும் போட்டிருக்காம். கிளாக்கரய்யா சொன்னாரு."

விஷயம் இதுதான். அழகர் இஸ்டோர் என்கிற தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து அரைக்கும் ரோலரைப் பார்த்துக்கொண்டவர். ஓரத்தில் சிதறிய கொழுந்தை உள்ளே தள்ளும்போது கை மாட்டிக்கொண்டது. தோட்டத்து உடைமையாளர்கள் இயந்திரத்தையும் ஆட்களையும் சேர்த்துக் கொழும்பில் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் பதிந்திருந்தார்கள். தோட்டத்தை நடத்தும் துரை ஒரு படிவத்தைக் கொடுத்துவிட்டு, வேலைக்கு ஆகாதவனுக்கு லயத்தில் குடியிருக்கக் காம்பரா இல்லை, ஏப்ரல் முதலாம் திகதி காலி செய் என்றும் சொல்லிவிட்டார். பசறை வீதியில் ஒரு தேத்தண்ணிக் கடை, பின்னால் படுக்க ஓர் அறையோடு, வாடகைக்கு இருந்தது. ஆறு மாத வாடகையை முன்னால் கட்ட வேண்டும். கம்பெனி கொடுத்தால் கூரை உண்டு. இல்லாவிட்டால் வீதிதான்.

படிவத்தில் பதினான்கு கேள்விகள். ஒன்பதாவது, விபத்து நடந்த நேரம்.

"எத்தின மணிக்கி?"

"சோறு தின்னுட்டு வந்தப்புறங்க."

"அது போதாது. மணி?"

"வெரல் போறப்ப மணி பாக்கலீங்க நானா."

"இவரு போன வெரலயே பாக்கல. நாந்தான் பொறுக்கினேன்," என்றாள் இராக்கம்மா.

எனக்கு மனம் ஒப்பவில்லை. ரோலரை நிறுத்திய நேரத்தை இஸ்டோரின் பொறுப்பிலிருக்கும் டீமேக்கர் குறித்து வைத்திருப்பார் என்று அவருக்கு எழுதிக் கேட்டேன். பதில் வந்தது. பிற்பகல் இரண்டு மணி பத்து நிமிடம். அதைச் சிவப்பு மையில் அடிக்கோடிட்டு, ஆள்வரவும் கூலியும் எழுதும் தோட்டத்து செக்ரோலில் அன்றைய பதிவின் பிரதியையும் இணைத்து அனுப்பினேன். அப்படியொரு படிவம் கொழும்புக்கு அதற்குமுன் போயிருக்காது.

பன்னிரண்டாம் நாள் கம்பெனியின் பதில் வந்தது. செக்ரோலின்படி தங்கள் கட்சிக்காரர் அன்று அரைநாள் மாத்திரமே வேலை செய்தவர். அரைநாள் மதியம் பன்னிரண்டு மணியுடன் முடிவடைகிறது. ஆகவே இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு அவர் இயந்திரத்தின் அருகில் நின்றது தம் சொந்த விருப்பத்தின் பேரிலாகும். கொடுப்பதற்கில்லை. நேரத்தைத் துல்லியமாகத் தெரிவித்தமைக்கு நன்றி.

வாசித்துத் தமிழில் சொன்னேன். அழகர் கடிதத்தை எட்டிப் பார்த்தார்.

"சொந்த விருப்பத்துலயா? ரோலர்கிட்ட நிக்க யாருக்குங்க விருப்பம்?"

"முழுநாள் வேலை செஞ்சீங்களா, அரைநாளா?"

"முழுநாளுதாங்க. காலம்பர பெரட்டுக்குக் கொஞ்சம் பிந்திட்டேன். புள்ளைக்குக் காய்ச்சல். கணக்கப்பிள்ளை அரைப்பேர் போட்டுட்டாரு."

தோட்டத்தில் ஒரு நாள் கூலிக்கு ஒரு பேர். விடிகாலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குக் கால் மணி பிந்தினால் அரைப்பேர். ஆனால் வேலை என்னவோ சாயங்காலம் வரைக்கும்தான்.

அடுத்த ஞாயிறு சாமான் வாங்கப் பதுளைக்கு வந்த நல்லையா கணக்கப்பிள்ளையை இராக்கம்மா மறித்து விறாந்தைக்குக் கூட்டி வந்தாள். கோட்டும் குடையுமாக உட்கார்ந்தார்.

"பிந்தி வந்தான், அரைப்பேர் போட்டேன். வழக்கந்தான நானா?"

"வழக்கம் சரி. மத்தியானம் அவர வீட்டுக்கு அனுப்பினீங்களா?"

"அதெப்படி? கொழுந்து மலையாக் குமிஞ்சு கெடக்கு."

"அத அப்படியே எழுதிக் கையொப்பம் வெச்சித் தாங்க."

நான் அவர் கோட்டைக் கழற்றித் தரச் சொன்னதுபோலப் பார்த்தார். "நல்லாருக்கே! முழு வேலை வாங்கிட்டு அரைப்பேர் போட்டேன்னு நானே எழுதிக் குடுக்கவா? தொரை எனக்குப் பேரே போடமாட்டாரு. காலையில நடந்துச்சுன்னு மாத்தி எழுதிருங்களேன்."

"சிவப்பு மையில அடிக்கோடு போட்டு அனுப்பியாச்சி."

"அடிக்கோடு வேறயா?" என்று என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

இராக்கம்மா முந்தானையை இழுத்துச் செருகினாள். "ஏங்க கணக்கப்பிள்ளை, அரைப்பேருன்னா எந்த அரைன்னு செக்ரோல்ல இருக்கா?"

"அரைன்னா அரைதான். மேலரை கீழரைன்னு யாரு புள்ள எழுதுறா?"

நான் பேனாவை எடுத்தேன். அழகர் அன்று காலைப் பெரட்டுக்குப் பிந்தி வந்தார் என்பது உண்மை. பிந்தி வந்ததால் காலைவேலைக்கு எடுக்கப்படவில்லை என்று எழுதினேன். அவருடைய அரைநாள் பன்னிரண்டு மணிக்கு ஆரம்பித்தது. இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு அவர் கடமையில் இருந்தார். இப்போது செக்ரோலும் சரி, கடிகாரமும் சரி, நல்லையாவும் உத்தமர். அவர் இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, கேட்காத இடத்திலும் கையொப்பம் வைத்தார்.

அழகர்தான் பெருவிரலை மையில் வைக்க மறுத்தார்.

"காலையில மூணு தரம் ரோலர் நெறச்சது நாந்தாங்க நானா. நான் வரலைன்னா அது யாருங்க?"

"யாருமில்ல," என்றேன்.

"அன்னிக்கு மூணும் நல்ல அரைப்புங்க. டீமேக்கரய்யாவே சொன்னாரு."

"காலையில கொழுந்து தானே அரைஞ்சிருச்சுன்னு நெனச்சுக்க," என்றார் நல்லையா.

"வைங்க, வைங்க," என்று புருஷனின் இடது பெருவிரலைப் பிடித்து அமுக்கினாள் இராக்கம்மா. "காலையக் குடுத்தாத்தான் கூரை. இந்த விரலாச்சும் ஒழுங்கா வேலை செய்யட்டும்."

துரை தம் ஆட்கள் இவ்வளவு ஒழுங்காகக் கணக்கு வைக்கிறார்கள் என்று மகிழ்ந்து சாட்சிக் கையொப்பம் போட்டாராம்.

மார்ச் இருபத்தாறாம் திகதி கம்பெனியின் இரண்டாவது கடிதம் வந்தது. விளக்கம் திருப்தியாக இருக்கிறது. கோரிக்கை ஏற்கப்படுகிறது. படிவத்தின் பதினோராவது கேள்விப்படி, காயம் பட்ட நாளின் கூலியைக் கொண்டே நட்டஈடு கணக்கிடப்படும். அன்றைய கூலி அரைநாளுக்குரியது என்று தாங்களே ஐயத்துக்கிடமின்றி நிறுவியிருப்பதால், பாதித் தொகைக்கான காசோலை இத்துடன் வருகிறது.

பதினோராவது கேள்வியை நான் நிரப்பும்போது செக்ரோலைப் பார்த்து எழுதியது நினைவு வந்தது. அழகர் காசோலையை இடக்கையில் பிடித்துக்கொண்டு வலக்கையைப் பார்த்தார்.

"போனது ரெண்டு வெரலுங்க. ஒரு வெரலுக்குத்தான் வந்திருக்கா?"

"இன்னொன்னு காலையில போயிருக்கும்," என்றாள் இராக்கம்மா.

ஆறு மாத வாடகைக்கு அது போதவில்லை. கடைச் சொந்தக்காரரிடம் இராக்கம்மா பேசிய பேச்சில் மூன்று மாதத்துக்கு ஒப்புக்கொண்டார். ஏப்ரல் முதலாம் திகதி இரண்டு சட்டியும் பிள்ளையுமாக இறங்கி வந்துவிட்டார்கள். அடுத்த மூன்று மாதத்துக்குத் தேத்தண்ணி விற்றாக வேண்டும்.

மே மாதம் பசறைப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்தேன். அழகர் இடக்கையால் தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்தார், பாதி வெளியே. இராக்கம்மா என் முன்னால் ஒரு கிளாஸை வைத்தாள். அதில் சரிபாதி இருந்தது.

"என்ன புள்ள இது?"

"மத்தியானத்துக்கு மேல வந்திருக்கீங்கல்ல நானா," என்றாள். "அரைப்பேருதான்."

கடையிலிருந்தவர்கள் சிரித்தார்கள். சட்டைப்பையிலிருந்து கடிகாரத்தை எடுத்துப் பார்க்கத்தான் போனேன். பிறகு வேண்டாமென்று விட்டுவிட்டு, இருந்ததைக் குடித்து, முழுக் கிளாஸுக்கும் காசு வைத்தேன். அவள் பாதியைத் திருப்பித் தரவில்லை.