மேல்தட்டில் நின்ற போர்தோ

பதினெட்டு ஆண்டுகள் உல்லாசக் கப்பல்களில் திராட்சை மது பரிமாறிய கபிரியேல், 2013 ஆகஸ்டில் குளச்சல் வீட்டுக்கு ஒரேயடியாகத் திரும்பினான். முழங்கால்கள் தேய்ந்திருந்தன, பேசுவதற்குக்கூட அலுப்பாக இருந்தது. மிச்சமிருந்த ஆசை ஒன்றே ஒன்று. அது முன்னறையில், கண்ணாடி ஷோகேஸின் மேல்தட்டில், மாதா சுரூபத்தின் அருகே நின்றிருந்தது.

பிரான்சின் போர்தோ வட்டாரத்துச் சிவப்பு மது. இரண்டாயிரமாவது ஆண்டின் அறுவடை. கடலுக்கும் ஆற்றுக்கும் நடுவே கிடக்கும் கூழாங்கல் நிலம் அது. பகலில் வாங்கிய சூட்டைக் கல் இரவில் கொடிக்குத் திருப்பிக் கொடுக்கும். துவர்ப்பு மிகுந்த கபர்னே திராட்சையின் மதுவோடு மென்மையான மெர்லோவைக் கலந்து ஓக் மரப் பீப்பாயில் முதிர வைப்பார்கள். பத்தாண்டு பொறுத்தால் துவர்ப்பு அடங்கிக் கேதுரு மர வாசனை எழும். இவ்வளவையும் மேசை மேசையாக ஒப்பித்தவன் அதில் ஒரு துளியும் குடித்ததில்லை. பணியாளர் நாவில் வைத்தால் வேலை போய்விடும். 2004 தொடக்கத்தில் ஒரு பயணி அன்பளித்த புட்டியை விடுப்பில் கொண்டுவந்து, வேலையை விட்டு வந்த பிறகு திறப்போம் என்று மனைவி கிளாராவிடம் ஒப்படைத்திருந்தான்.

ஞாயிறு திருப்பலி முடிந்து வந்ததும் திறந்தான். தக்கை காய்ந்து உதிர்ந்தது. தம்ளரில் விழுந்தது செங்கல்தூள் கரைத்த பழுப்பு. முகர்ந்த மாத்திரத்தில் அவனுக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் ஒரு வாய் குடித்தான்.

"மூஞ்சியப் பாத்தா வேப்பெண்ண குடிச்ச பிள்ள மாதிரி இருக்கு," என்று கிளாரா தம்ளரைப் பிடுங்கித் தானும் சுவைத்தாள். "ஐயோ மாதாவே, புளிச்ச வினாகிரியால்லா ஆயிருக்கு! சனிக்கிழம தவறாமத் தொடச்சேனே. சுனாமித் தண்ணி கீழ்த்தட்டு வரை ஏறினதுக்குப் பொறவுதான் மேல, லைட்டுப் பக்கம் தூக்கி வச்சேன்."

"நிக்க வைக்கப்பிடாது. தக்க காயாம இருக்கக் கிடத்தணும். இருட்டுல, குளிர்ச்சியில..."

"இத எப்ப சொன்னீங்க?"

அவன் நினைத்துப் பார்த்தான். புட்டி வாங்கிய பயணிகள் எல்லாருக்கும் சொல்லியிருந்தான். வீட்டுக்குத் தொலைபேசியில் பேசும்போதெல்லாம் மழையையும் பிள்ளைகளின் காய்ச்சலையுமே விசாரித்திருந்தான்.

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா கட்டிலுக்கு அடியில கிடத்தியிருப்பேன். ஏன், கட்டில்லயே கிடத்தியிருப்பேன். அங்க எடத்துக்கா பஞ்சம்?"

அவன் மேசையில் உதிர்ந்து கிடந்த தக்கைத்தூளைக் கூட்டி எடுத்தான். அவள் குரலைத் தணித்துக் கேட்டாள்: "கெட்டுப்போவாம இருந்தா எப்படி இருந்திருக்கும்?"

ஒப்பித்த சொற்கள் எல்லாம் நாவின் நுனிவரை வந்து நின்றன. இவளிடம் அவற்றைச் சொல்ல அவனுக்குக் கூச்சமாக இருந்தது.

"எனக்கு அறியாது, கிளாரா."

அவள் புட்டியை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். மீன் ஊறுகாய்க்கு இந்த மாதம் வினாகிரி வாங்க வேண்டாம் என்று அங்கிருந்து சொன்னாள்.