தள்ளுவண்டியில் ஏறாத பரிசு

என் மகள் ஜூனியோடு படிக்கும் க்ளேட்டனின் ஏழாவது பிறந்தநாளுக்கு முப்பது டாலரில் ஒரு ரோபோ வாங்கியிருந்தேன். ஜூனி அதைச் சீண்டவே இல்லை. தானே எதையோ ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் சுற்றி, அரைச் சுருள் டேப்பை ஒட்டி வைத்திருந்தாள். உள்ளே என்னவென்று கேட்டால் வாயே திறக்கவில்லை. குலுக்கிப் பார்த்தேன், லேசாகச் சலசலத்தது. அவள் பிடித்த அடத்தில் ரோபோ காரிலேயே தங்கிவிட்டது.

விழா நடந்த, டிராம்போலினில் குதித்து விளையாடும் கூடத்து வாசலில் ஓர் ஊழியர் பரிசுகளை வாங்கித் தள்ளுவண்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். ஜூனி பொட்டலத்தை விடவில்லை.

"இத அவன் எப்போ பிரிப்பான்?"

"வீட்டுக்குப் போய்த்தான்டி."

"அப்போ அவன் மூஞ்சிய நான் எப்படிப் பாக்கறது?"

பரிசுகளை இங்கேயே பிரிக்கலாமா என்று க்ளேட்டனின் அம்மா மார்னியிடம் கேட்டேன். இரண்டு மணி நேரத்தில் குதித்து, பீட்சா தின்று, கேக் வெட்டி, இருபத்திரண்டு பெட்டிகளை வேறு பிரிக்க முடியுமா என்றாள். சொல்லும்போதே பேப்பர் பொட்டலத்தை ஒரு பார்வை பார்த்தாள். எனக்கு உடம்பே கூசியது.

கேக் வெட்டும் நேரத்தில் ஜூனியையும் க்ளேட்டனையும் காணோம். மேஜை விரிப்புக்கு அடியில் குதிப்பதற்கென்று அங்கே தந்த நாலு ஆரஞ்சுக் காலுறைகள் தெரிந்தன. குனிந்து விரிப்பைத் தூக்கிப் பார்த்தேன். கிழிந்த பேப்பர். முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த க்ளேட்டன் கையில் எதையோ பொத்தி வைத்திருந்தான். ஜூனி அவன் கையைப் பார்க்கவில்லை, முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரிப்பை விட்டுவிட்டேன். ஆனால் என்னவென்று தெரியாமல் மண்டை குடைந்தது.

இரண்டு வாரம் கழித்து நன்றி அட்டை வந்தது. மார்னி ஒவ்வொருவருக்கும் கொடுத்த பொருளின் பெயரைச் சொல்லி எழுதுகிறவள். எங்களுக்கு, "விழாவுக்கு வந்ததற்கு நன்றி" மட்டும். வெறுங்கையோடு வந்தவர்களுக்குத்தான் இப்படி எழுதுவார்கள். காதெல்லாம் சுட்டது. பரிசு கொடுத்த கதையை மார்னியிடம் சொல்லிவிடலாம் என்று போனை எடுத்துக்கொண்டே அட்டையைத் திருப்பினேன். பின்னால் பென்சிலில் கோணல்மாணலாக எழுதியிருந்தது: "ஆறு காலும் அப்படியே இருக்கு. அம்மாவுக்குத் தெரியாது."

ஜூனியைக் கூப்பிட்டு அட்டையைக் காட்டினேன்.

"சில்வண்டு உரிச்சுப் போட்ட தோலும்மா. நம்ம மேப்பிள் மரத்துல இருந்துச்சு. முதுகுல மட்டும்தான் கிழிசல்."

போனைக் கீழே வைத்தேன். மார்னி என்னைக் கஞ்சப் பிசினாறி என்றே நினைத்துக்கொள்ளட்டும். எரிச்சலாகத்தான் இருந்தது, இருந்தாலும் பரவாயில்லை.

"அவன் மூஞ்சி எப்படிடி இருந்துச்சு?"

ஜூனி கண்ணை அகல விரித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அப்படியே நின்று காட்டினாள்.